கிரெடிட் மீதி இருக்கும்போதே கிளவுட் பில் வருவது ஏன்?

இணையம் வழியாகக் கணினிகளை வாடகைக்குத் தரும் ஒரு கிளவுட் நிறுவனம் உங்கள் திட்டத்துக்கு ஓராண்டுக்கு 5,000 டாலர் ஸ்பான்சர்ஷிப் கிரெடிட், அதாவது அதன் பில்லில் கழித்துக்கொள்ளும் உதவித்தொகை, வழங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் கையில் இருக்கிறது. கிரெடிட் பக்கத்தைத் திறந்தால் இன்னும் 4,000 டாலருக்கு மேல் மீதி என்று காட்டுகிறது. அப்படியிருந்தும் மாதத்தின் மூன்றாம் நாள் காலையில், அதே நிறுவனத்தின் பெயரில் உங்கள் கார்டிலிருந்து பணம் எடுக்கப்பட்டதாக வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வருகிறது. நிறுவனம் தவறு செய்துவிட்டதோ என்று முதலில் தோன்றும். யாரோ நம் கணக்குக்குள் புகுந்துவிட்டார்களோ என்ற பயம் அடுத்து வரும். இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் இப்படி வரும் பில்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் வேறு: பில்லில் அந்தச் செலவு எழுதப்பட்ட வரிக்குச் செல்லும் உரிமை அந்தக் கிரெடிட்டுக்கு இல்லை. ஏன் இல்லை என்பதை, கிளவுட்டுக்குப் புதியவர்களுக்காக, முதலிலிருந்து பார்ப்போம். எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் அஸூரிலிருந்தும் அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ். சேவையிலிருந்தும், சில இடங்களில் கூகுள் கிளவுடிலிருந்தும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு கிளவுட் பில் மூன்று படிகளில் உருவாகிறது. முதற்படி அளவீடு. ஒரு மெய்நிகர் கணினி (மென்பொருளால் உருவாக்கிய வாடகைக் கணினி) எத்தனை மணி நேரம் ஓடியது, டிஸ்க்கில் எத்தனை ஜிபி எத்தனை நாள் இருந்தது, எவ்வளவு தரவு வெளியே போனது என்பதையெல்லாம் ஒவ்வொரு சேவைக்கும் உரிய மீட்டர் தனித்தனியே குறித்துக்கொண்டே இருக்கிறது. இரண்டாம் படி விலையிடல். அந்த அளவுகள் ஒவ்வொன்றும் அந்தந்தப் பகுதிக்கு (சர்வர்கள் இருக்கும் இடத்துக்கு) உரிய விலைப்பட்டியலால் பெருக்கப்பட்டுத் தொகையாகின்றன. மூன்றாம் படி கழிவு. வந்த தொகையிலிருந்து, தகுதியுள்ள வரிகளுக்கு மட்டும், கிரெடிட் கழிக்கப்படுகிறது. எஞ்சியது கார்டுக்குப் போகிறது. கிரெடிட் இந்த மூன்றாம் படியில்தான் முதன்முதலாக உள்ளே வருகிறது என்பதை மனத்தில் நிறுத்திக்கொண்டால் மற்றவை எளிதாக விளங்கும். உங்கள் கணினியை ஓட்டும் சேவைக்கு உங்களிடம் கிரெடிட் இருக்கிறதா, இல்லையா, எவ்வளவு இருக்கிறது என்பது எதுவுமே தெரியாது. கிரெடிட் தீர்ந்த நொடியில் அது தானாக நின்றுவிடும் என்று எதிர்பார்ப்பதும், கிரெடிட் இருப்பதால் எதை இயக்கினாலும் இலவசம் என்று நம்புவதும், இந்த ஒரே உண்மையை அறியாததால் வருகிற இரு வேறு தவறுகள்.

இந்தக் கழிவு நிகழ்வதற்கு மூன்று பொருத்தங்கள் வேண்டும். செலவு நடந்த கணக்கும் கிரெடிட் இருக்கும் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். செலவான பொருள் கிரெடிட்டின் விதிகளுக்குள் வர வேண்டும். செலவு நடந்த நாள் கிரெடிட்டின் காலத்துக்குள் விழ வேண்டும். இவற்றுள் கணக்குப் பொருத்தம்தான் மிக அதிகமாகத் தவறுகிறது. ஆனால் எல்லோரும் கடைசியில் சோதிப்பதும் அதையேதான்.

இது எனக்கே நேர்ந்தது. ஒரு சிறிய தன்னார்வ மென்பொருள் திட்டத்தின் சர்வர்களை நான் கவனித்துக்கொண்டிருந்த காலத்தில் எங்களுக்கு ஒரு நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப் கிடைத்தது. கிரெடிட் புதிதாகத் திறந்த ஒரு கணக்கில் வந்து சேர்ந்தது. புதிய சர்வர்களையெல்லாம் அதில்தான் அமைத்தோம். ஆனால் எங்கள் தரவுத்தளம், அதற்கு ஓராண்டுக்கு முன்பு நண்பர் ஒருவர் தம் சொந்தக் கார்டைக் கொடுத்துத் திறந்திருந்த பழைய கணக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் உள்நுழைவு ஒன்றே. திரையில் இரண்டும் அடுத்தடுத்துத் தெரியும். மாதம் 38 டாலர் வீதம் மூன்று மாதம் அந்த நண்பரின் கார்டிலிருந்து பணம் போயிருக்கிறது. திட்டத்துக்காகத்தானே செலவு என்று அவர் எண்ணிச் சொல்லாமல் இருந்துவிட்டார். எங்கள் கிரெடிட் பக்கமோ எந்தக் குறையும் இல்லாமல் மீதியைக் காட்டிக்கொண்டிருந்தது. இதன் முடிவைப் பிறகு சொல்கிறேன்.

அஸூரில் இந்தப் பொருத்தத்தைச் சோதிப்பது எப்படி? அங்கே செலவுகள் சப்ஸ்கிரிப்ஷன் என்ற பிரிவின் கீழ் எழுதப்படுகின்றன. ஒரே உள்நுழைவின் கீழ் பல சப்ஸ்கிரிப்ஷன்கள் இருக்கலாம். ஒவ்வொரு சப்ஸ்கிரிப்ஷனும் ஒரு குறிப்பிட்ட ஆஃபரை (கட்டணத் திட்ட வகையை) சேர்ந்தது. அஸூர் போர்ட்டலில் (அதன் நிர்வாக இணையதளத்தில்) சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பக்கத்துக்குச் சென்று, குறிப்பிட்ட ஒன்றைத் திறந்தால், அதன் முகப்புப் பக்கத்தில் ஆஃபர் ஐடி என்ற வரி இருக்கும். அது 0036P என்று முடிந்தால் அது ஸ்பான்சர்ஷிப் சப்ஸ்கிரிப்ஷன், 0003P என்று முடிந்தால் பயன்பாட்டுக்கேற்பப் பணம் கட்டும் சாதாரண சப்ஸ்கிரிப்ஷன், 0170P மாணவர்களுக்கானது. பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். யாரும் மாற்றாமல் விட்டால் 'அஸூர் சப்ஸ்கிரிப்ஷன் 1' என்பது போன்ற பொதுப்பெயர்தான் இருக்கும், அதிலிருந்து எதுவும் தெரியாது. ஸ்பான்சர்ஷிப்பின் மீதித் தொகையைப் பார்க்கவும் அஸூர் போர்ட்டலுக்கு வெளியே, ஸ்பான்சர்ஷிப்புக்கென்றே ஒரு தனி இணையதளம் இருக்கிறது. மீதி ஓரிடத்திலும் செலவு வேறோரிடத்திலும் தெரிவதால், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வேலை பயனரின் தலையில் விழுகிறது. தவறான சப்ஸ்கிரிப்ஷனில் எதையாவது உருவாக்கியிருந்தால், பல வகை வளங்களை (சர்வர், டிஸ்க் போன்றவற்றை) ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்த முடியும். எல்லா வகைகளையும் நகர்த்த முடியாது என்பதால் முதலில் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

கூகுள் கிளவுடில் கிரெடிட் பில்லிங் கணக்கில் இருக்கும். செலவு, சேவைகளை உருவாக்கும் பிரிவான புராஜெக்டில் நடக்கும். ஒரு புராஜெக்ட் எந்தப் பில்லிங் கணக்கோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் அங்கே கேட்க வேண்டிய கேள்வி. இணைப்பை மாற்றுவது எளிது. ஆனால் அது அதற்குப் பின் நடக்கும் செலவுக்குத்தான் பொருந்தும், ஏற்கெனவே எழுதப்பட்ட செலவு பழைய கணக்கிலேயே நிற்கும். ஏ.டபிள்யூ.எஸ். சேவையில் பல கணக்குகளை ஓர் அமைப்பின் கீழ் சேர்த்திருந்தால் ஒன்றுக்கு வந்த கிரெடிட்டை மற்றவற்றோடு பகிர்ந்துகொள்ளலாம். அந்தப் பகிர்வை அணைத்து வைக்கவும் முடியும். உங்கள் அமைப்பில் அது எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பில்லிங் விருப்பங்கள் பக்கத்தில் காணலாம்.

அடுத்தது பொருள். ஸ்பான்சர்ஷிப் கிரெடிட் பொதுவாக அந்த நிறுவனம் தானே வழங்கும் சேவைகளுக்குத்தான் செல்லும். அஸூரில் மார்க்கெட்பிளேஸ் என்ற மென்பொருள் சந்தை வழியாகப் பிற நிறுவனங்கள் விற்கும் மென்பொருள்கள், கட்டணத் தொழில்நுட்ப ஆதரவுத் திட்டங்கள் போன்றவை கிரெடிட்டுக்கு வெளியே நிற்கின்றன. ஏ.டபிள்யூ.எஸ். வழங்கும் கிரெடிட்டில் ரூட் 53 என்ற அதன் சேவை வழியாக டொமைன் பெயர் (இணையதள முகவரி) பதிவு செய்வதற்கான கட்டணம் சேராது. ரிசர்வ்டு இன்ஸ்டன்ஸ்களுக்கு (நீண்ட காலத்துக்கு முன்பதிவு செய்யும் கணினிகளுக்கு) முன்கூட்டியே கட்டும் தொகையும் பொதுவாகச் சேராது. இவற்றுள் மார்க்கெட்பிளேஸ்தான் புதியவர்களை அதிகம் ஏமாறவைக்கிறது, ஏனென்றால் அது தனியொரு கடை போல் தோன்றுவதில்லை. புதிய மெய்நிகர் கணினியை உருவாக்கும்போது இயக்கமுறைமையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலிலேயே, ஃபயர்வால், விபிஎன் போன்றவற்றை முன்கூட்டியே நிறுவிய பிற நிறுவனப் படிமங்களும் (தயார்நிலைப் பிரதிகளும்) கலந்து நிற்கும். அவற்றுள் கட்டணமுள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஒரே கணினிக்குப் பில்லில் இரண்டு வரிகள் விழும்: கணினி ஓடிய நேரத்துக்கு ஒன்று, அந்த மென்பொருளின் உரிமத்துக்கு ஒன்று. முதல் வரியைக் கிரெடிட் கழித்துவிடும். இரண்டாவது நேராகக் கார்டுக்குப் போகும். 'கணினி இலவசமாகத்தானே ஓடுகிறது, பிறகு எதற்கு இந்தப் பணம்?' என்று கேட்பவருக்கு விடை அந்த இரண்டாம் வரியில் இருக்கிறது.

காலத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் கிளவுட் நிறுவனங்களின் இலவசச் சோதனைக் கணக்குகள் நமக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிடுகின்றன. அந்தப் பழக்கம் ஸ்பான்சர்ஷிப்பில் செல்லுபடியாவதில்லை. அஸூரின் இலவசக் கணக்கில் முதல் 30 நாளுக்கு 200 டாலர் தருகிறார்கள். அது தீர்ந்தால், நீங்களே முன்வந்து கட்டணக் கணக்குக்கு மாறாத வரை, சேவைகள் முடக்கப்படும். மாணவர் கணக்கில் 12 மாதத்துக்கு 100 டாலர், கார்டே கேட்பதில்லை. கூகுள் கிளவுட் 90 நாளுக்கு 300 டாலர் தருகிறது. அங்கேயும் நீங்கள் முழுக் கணக்குக்கு மாறினாலொழியக் கார்டில் கைவைப்பதில்லை. ஏ.டபிள்யூ.எஸ். 2025 ஜூலை 15 முதல் புதிய கணக்குகளுக்குக் கொண்டுவந்த இலவசத் திட்டமும், கிரெடிட் தீர்ந்தாலோ ஆறு மாதம் முடிந்தாலோ, எது முதலில் வருகிறதோ அத்துடன் நின்றுவிடும். இந்த நான்கிலும் முடிவு என்றால் நிற்பது. ஸ்பான்சர்ஷிப்பில் முடிவு என்றால் தொடர்வது. உங்கள் சேவையை ஆயிரம் பேர் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போது அது திடீரென்று நின்றுவிடக் கூடாது என்பதே அதற்கான காரணம். ஆகவே அஸூர் ஸ்பான்சர்ஷிப்பின் காலம் முடிந்தாலும், தொகை தீர்ந்தாலும், அந்தச் சப்ஸ்கிரிப்ஷன் சாதாரணக் கட்டண விகிதத்துக்கு மாறி ஓடிக்கொண்டே இருக்கும்; பணம் கார்டிலிருந்து போகும். இலவசக் கணக்குகளில் இருக்கும் செலவு வரம்பு என்ற பாதுகாப்பு இந்த வகையில் கிடையாது. இந்த ஏற்பாட்டில் நியாயம் இருக்கிறது என்பதை ஏற்கிறேன். ஆனால் கிரெடிட் வழங்கும் கடிதத்தின் முதல் வரியிலேயே இதைத் தடித்த எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலோர் இதைப் பில் வந்த பிறகே தெரிந்துகொள்கிறார்கள்.

காலத்தோடு சேர்ந்த சிறிய செய்திகள் மூன்று. அஸூரிலும் ஏ.டபிள்யூ.எஸ். சேவையிலும் பில்லிங் கணக்குகள் பொதுவாக உலகப் பொது நேரத்தில் எழுதப்படுகின்றன. அந்த நேரப்படி நள்ளிரவு என்பது இந்தியாவிலும் இலங்கையிலும் காலை 5.30 மணி. எனவே மாத இறுதியில் நடந்த செலவு எந்த மாதத்தில் விழுந்தது என்று பார்க்கும்போது இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஏற்கெனவே வந்துவிட்ட பழைய இன்வாய்ஸைப் பிறகு கிடைத்த கிரெடிட்டால் கட்ட முடியாது. கிரெடிட் முன்னோக்கித்தான் செல்லும். மீதித் தொகை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் காலாவதி நாளில் அது அப்படியே மறைந்துவிடும். 4,000 டாலர் மீதி என்று சென்ற வாரம் காட்டிய பக்கம் இந்த வாரம் வெறுமையாக இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மூன்று பொருத்தங்களும் சரியாக இருந்தும் கிரெடிட் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கரைகிறது என்றால், பார்வையைப் பில்லின் வரிகள் பக்கம் திருப்ப வேண்டும். 'நான் எதையுமே ஓட்டவில்லை' என்று சொல்பவரின் கணக்கை ஒரு முறை அருகிலிருந்து பார்ப்போம். ஏ.டபிள்யூ.எஸ். சேவையின் வடக்கு வர்ஜீனியா பகுதியில் ஒருவர் சோதனைக்காக ஒரு சர்வரை அமைக்கிறார். தனி வலையமைப்பு வேண்டும் என்று ஒரு நாட் கேட்வேயும் (அதிலிருந்து இணையத்துக்குப் போகும் வாயில்) அதற்கொரு நிலையான பொது ஐபி முகவரியும், சர்வருக்கு இன்னொரு நிலையான முகவரியும், 200 ஜிபி டிஸ்க் ஒன்றும் அமைகின்றன. வேலை முடிந்ததும் சர்வரை ஸ்டாப் செய்துவிட்டுத் திரையை மூடுகிறார். சர்வர் ஓடியதற்கான மீட்டர் அத்துடன் நின்றுவிட்டது. மற்ற மீட்டர்கள் நிற்கவில்லை. நாட் கேட்வே மணிக்கு 0.045 டாலர் வீதம், 30 நாள் கொண்ட மாதத்தின் 720 மணி நேரத்துக்கு 32.40 டாலர். பொது ஐபி முகவரி ஒன்றுக்கு மணிக்கு 0.005 டாலர், இரண்டுக்கும் சேர்த்து 7.20 டாலர். ஜிபி ஒன்றுக்கு மாதம் 0.08 டாலர் என்ற விலையில் 200 ஜிபி டிஸ்க்குக்கு 16 டாலர். ஆக, ஒரு பைட் தரவுகூட நகராத மாதத்தில் 55.60 டாலர். கிரெடிட் இருக்கும் வரை இது யார் கண்ணிலும் படாது. அது முடிந்த மறுமாதம் கார்டில் தெரியும்.

மேலே சொன்ன ஐபி முகவரிக் கட்டணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பயன்பாட்டில் இருக்கும் சர்வரோடு இணைந்த பொது ஐபிவி4 (வழக்கமான வகை ஐபி) முகவரிக்கு ஏ.டபிள்யூ.எஸ். முன்பு கட்டணம் கேட்கவில்லை. 2024 பிப்ரவரி 1 முதல், இணைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லாப் பொது ஐபிவி4 முகவரிகளுக்கும் கேட்கத் தொடங்கியது. அமைப்பில் எதையுமே மாற்றாமல் பில் மட்டும் கூடியது ஏன் என்று அந்த மாதம் பலர் திகைத்தார்கள். ஓராண்டு, ஈராண்டு ஓடும் ஸ்பான்சர்ஷிப்பின் நடுவில் விலைப்பட்டியலே மாறக்கூடும்; தொடக்கத்தில் போட்ட மதிப்பீட்டை இடையிடையே திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

'நிறுத்தினேன்' என்ற சொல்லே கிளவுட்டில் பல பொருள் தருகிறது. அஸூர் மெய்நிகர் கணினியை அதன் இயக்கமுறைமைக்குள்ளிருந்து ஷட்டௌன் செய்தால் அது 'ஸ்டாப்டு' என்ற நிலைக்குப் போகும். ஆனால் அந்தக் கணினிக்கென ஒதுக்கிய வன்பொருள் ஒதுக்கியபடியே இருப்பதால் ஓடும் கணினிக்கு உரிய கட்டணம் தொடரும். போர்ட்டலிலிருந்து நிறுத்தி, 'ஸ்டாப்டு' என்பதற்குப் பக்கத்தில் 'டீஅலோகேட்டட்' என்ற சொல்லும் தெரிந்தால்தான் அந்த மீட்டர் நிற்கும். அப்போதும் டிஸ்க்குக்கான கட்டணம் நிற்காது. ஏ.டபிள்யூ.எஸ். ஆர்டிஎஸ் தரவுத்தளத்தை நிறுத்தி வைத்தால் அது ஏழு நாள் கழித்துத் தானாகவே மீண்டும் ஓடத் தொடங்கும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் முன் நிறுத்திவிட்டுப் போய், திரும்பி வந்து அது ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து, யாரோ இயக்கிவிட்டார்கள் என்று சந்தேகப்படுவது சகஜம்தான். இன்னொன்று பகுதி. ஏ.டபிள்யூ.எஸ். திரை ஒரு நேரத்தில் ஒரு பகுதியில் இருப்பவற்றையே பெரும்பாலும் காட்டும்; மும்பைப் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு எதுவும் இல்லை என்று உறுதியாகச் சொல்பவரின் சர்வர் அயர்லாந்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். பில்லைச் சேவை வாரியாகவும், பிறகு பகுதி வாரியாகவும் விரித்துப் பார்த்தால் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பட்ஜெட் போட்டு வைத்திருந்தோமே, அது ஏன் தடுக்கவில்லை என்ற கேள்வி அடுத்து வரும். மூன்று நிறுவனங்களிலும் பட்ஜெட் என்பது அடிப்படையில் ஓர் அறிவிப்பு மணி. நீங்கள் வைத்த தொகையைத் தாண்டினால் மின்னஞ்சல் வரும். சேவை ஓடிக்கொண்டே இருக்கும். தாண்டியதும் எதையாவது நிறுத்த வேண்டும் என்றால் அதற்கான நடவடிக்கையை நீங்கள்தான் தனியாக அமைக்க வேண்டும். அந்த மணியும் உடனே அடிப்பதில்லை. மீட்டர்களிலிருந்து தரவு வந்து, விலையிடப்பட்டு, பில்லிங் பக்கத்துக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். ஒரு நாள்கூட ஆகலாம். மணிக்கு 30 டாலர் விலையுள்ள ஜிபியு (வரைகலைச் செயலி) கணினிகள் பத்தைத் தவறுதலாக இரவில் ஓடவிட்டால், 12 மணி நேரத்தில் 3,600 டாலர் போன பிறகுதான் எச்சரிக்கை வந்து சேரும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று இருக்கிறது. கிரெடிட்டைக் கழித்த பிறகு வரும் தொகையைப் பட்ஜெட் கணக்கில் எடுத்துக்கொண்டால், கிரெடிட் உள்ள மாதங்கள் எல்லாவற்றிலும் அந்தத் தொகை பூஜ்யமாகவே இருக்கும். செலவு பத்து மடங்கானாலும் மணி அடிக்காது. முதல் மணி அடிக்கும்போது கிரெடிட் ஏற்கெனவே தீர்ந்திருக்கும். ஆகவே செலவை எப்போதும் கழிவுக்கு முந்தைய தொகையாகப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். செலவைப் பிரித்துக் காட்டும் ஏ.டபிள்யூ.எஸ். காஸ்ட் எக்ஸ்புளோரரில் சார்ஜ் டைப் என்ற வடிகட்டியில் கிரெடிட் என்பதை விலக்கினால் உண்மைச் செலவு தெரியும். கூகுள் கிளவுடின் ரிப்போர்ட்ஸ் பக்கத்தில் கிரெடிட்களுக்கான தேர்வுப் பெட்டிகளிலிருந்து டிக்கை எடுத்துவிட்டால் போதும். பட்ஜெட்டையும் அந்தத் தொகைக்கே வையுங்கள். மாதம் 350 டாலர் செலவாகிறது என்று தெரிந்தால், 4,200 டாலர் மீதி 12 மாதத்துக்கு வரும் என்று கணக்கிட முடியும். பூஜ்யத்தைப் பார்த்து எதையும் கணக்கிட முடியாது.

சில வேளைகளில் செலவு உண்மையிலேயே வெளியாரால் வந்ததாக இருக்கும். கணக்கின் ரகசியச் சாவியை (கடவுச்சொல் போன்றதை) நிரலுக்குள்ளேயே எழுதி, அதை நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் பொதுவில் ஏற்றிவிடுவது இதற்கு மிகப் பழகிய வழி. அப்படி வெளிவரும் சாவிகளைத் தேடுவதற்கென்றே தானியங்கி நிரல்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கிடைத்தால், நீங்கள் ஒருபோதும் திறந்திராத பகுதிகளில் பெரிய கணினிகளை இயக்கி கிரிப்டோ நாணயச் சுரங்க வேலைக்குப் பயன்படுத்துவார்கள். சாவி சரியாக இருந்தால் மீட்டர் எழுதும். யார் கை என்று அது பார்க்காது. வேறு விதமாகவும் நேரலாம். 2024-இல் ஒரு நிரலாளர் கோப்புகளைச் சேமிக்கும் ஏ.டபிள்யூ.எஸ். எஸ்3 சேவையில் காலியாக ஒரு பக்கெட்டை (சேமிப்பிடத்தை) உருவாக்க, அதே பெயரைத் தன் இயல்பான அமைப்பில் வைத்திருந்த ஒரு திறமூல மென்பொருளின் நகல்கள் பல இடங்களிலிருந்தும் அதில் எழுத முயன்றதால், அனுமதி மறுக்கப்பட்ட அந்த முயற்சிகளுக்காகவே அவருக்கு 1,300 டாலருக்கு மேல் பில் வந்தது. அது பரவலாகப் பேசப்பட்ட பிறகு, அதே ஆண்டு மே மாதத்தில், வெளியாரின் மறுக்கப்பட்ட கோரிக்கைகளுக்குக் கட்டணம் கேட்பதில்லை என்று ஏ.டபிள்யூ.எஸ். விதியை மாற்றியது. முறையாக எடுத்துச் சொன்னால் விதியே மாறியதும் உண்டு என்பதற்கு இது சான்று.

இனி, பில் வந்துவிட்டது என்றால் என்ன செய்வது? முதலில் கசிவை நிறுத்துங்கள். ஆனால் எதை நிறுத்துகிறீர்களோ அதன் பெயர், பகுதி, ஐடி, உருவாக்கிய நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, திரையைப் படம் எடுத்துவிட்டு நிறுத்துங்கள். அவசரத்தில் அனைத்தையும் அழித்துவிட்டால், பிறகு அது என்னவென்று நிறுவனத்திடம் விளக்க உங்களிடம் எதுவும் இருக்காது. சாவி கசிந்திருக்கும் என்ற ஐயம் இருந்தால் அதைச் செல்லாததாக்குவதே முதல் வேலை. இன்வாய்ஸின் மொத்தத் தொகையை மட்டும் பார்க்காமல், நாள் வாரியான விரிவான பயன்பாட்டுக் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். கார்டுக்குப் போன வரிகள் எந்த சப்ஸ்கிரிப்ஷன், எந்தச் சேவை, எந்த நாள் என்று பார்த்தால், மேலே சொன்ன மூன்று பொருத்தங்களில் எது தவறியது என்பது பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

கார்டை முடக்கிவிடுவது தீர்வாகாது. கடன் நிலுவையில் இருக்கும், கணக்கு முடக்கப்படும், அஸூரில் முடக்கப்பட்ட சப்ஸ்கிரிப்ஷனின் தரவை 30 முதல் 90 நாள் வரை வைத்திருந்து பிறகு நிரந்தரமாக அழித்துவிடுவார்கள். அதைவிட, நிறுவனத்தின் ஆதரவுப் பிரிவுக்கு எழுதுவதே பயன் தரும். தொழில்நுட்ப உதவிக்குக் கட்டணத் திட்டம் கேட்கும் நிறுவனங்களும் பில்லிங் தொடர்பான கேள்விகளுக்குக் கட்டணம் கேட்பதில்லை, அஸூரிலும் ஏ.டபிள்யூ.எஸ். சேவையிலும் அது எல்லா வாடிக்கையாளருக்கும் இலவசம். எழுதும்போது மனக்குறையைவிட விவரம் முன்னே நிற்கட்டும். இப்படி எழுதினால் போதும்: 'எங்கள் ஸ்பான்சர்ஷிப் இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும். இந்த எண்ணுள்ள இன்வாய்ஸில் இன்ன சேவைக்காக 47 டாலர் கார்டில் எடுக்கப்பட்டுள்ளது. அந்த வளம் இன்ன சப்ஸ்கிரிப்ஷனில் இருந்தது. அது ஸ்பான்சர்ஷிப்பில் சேராதது என்பதை இன்றுதான் அறிந்தோம். அதை இன்று நிறுத்திவிட்டோம். இது மீண்டும் நேராதிருக்கச் செலவு எச்சரிக்கை அமைத்துள்ளோம். இந்த ஒரு முறை தொகையைத் திருப்பித் தர இயலுமா என்று கேட்டுக்கொள்கிறோம்.' திருப்பித் தருவது அவர்கள் விருப்பம், உங்கள் உரிமை என்று சொல்ல முடியாது. ஆயினும் தவறு எங்கே நேர்ந்தது என்று தெளிவாகச் சொல்லி, அதைத் திருத்தியதையும் காட்டும் கடிதத்துக்கு நல்ல பதில் வரும் வாய்ப்பு அதிகம்.

எங்கள் நண்பரின் கார்டு விஷயத்திலும் இப்படித்தான் எழுதினோம். கடைசி மாதத்தின் 38 டாலரைத் திருப்பித் தந்தார்கள். முந்தைய இரண்டு மாதங்களுக்கும் இன்வாய்ஸ் உரிய மின்னஞ்சலுக்கு அனுப்பப்பட்டிருந்தது என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அந்த 76 டாலரைத் திட்டத்தின் நிதியிலிருந்து நண்பருக்குக் கொடுத்தோம். தரவுத்தளத்தை நகர்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது. பழைய கணக்கில் ஒரு மாதம் எந்த மீட்டரும் ஓடவில்லை என்று பில்லைப் பார்த்து உறுதிசெய்த பிறகே அதை மூடினோம். அதன் பின் இன்வாய்ஸ் மின்னஞ்சல் ஒருவருக்கு மட்டும் போகாமல், நான்கு பேர் படிக்கும் பொது முகவரிக்குப் போகும்படி மாற்றினோம். கிரெடிட் முடியும் நாளுக்கு 60 நாள் முன்பாக, புதுப்பிக்க விண்ணப்பிப்பதா, வேறிடம் மாறுவதா, எவற்றை நிறுத்துவது என்று பேசி முடிவெடுக்க நாள்காட்டியில் ஒரு கூட்டத்தையும் குறித்து வைத்தோம்.